என் ஷூ மட்டும் மிதித்த தளம்

அந்த வெள்ளிக்கிழமை காலையில், கறம்பக்குடிக்கு அப்பால் ஒரு கல்யாண மண்டபத்தின் தளத்தை என் ஷூ மட்டும் நடந்து பார்த்தது. நான் நாற்பது கிலோமீட்டர் தள்ளித் திருக்கோகர்ணத்தில், வீட்டுக் கொல்லைப்புறத்தில், தலை முழுக்கச் சாயத்தைப் பூசிக்கொண்டு, தோளில் பழைய துண்டோடு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தள்ளிப்போட்டால் இடையில் நான்கு நல்ல வாக்கியங்களை எழுதி, எனக்கே நான் யோக்கியனாகத் தெரிய ஆரம்பித்துவிடுவேன். அந்த அளவுக்கு எனக்கு எழுத வரும்.

நான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் புராஜெக்ட் இன்ஜினியர். தலைமை அலுவலகம் சென்னையில். தொற்றுக் காலத்தில் எல்லாரையும்போல நாங்களும் வீட்டுக்குள் முடங்கினோம். அது முடிந்த பிறகு மற்றவர்கள் சைட்டுக்குத் திரும்பினார்கள். நான் திரும்ப மனமில்லாமல் ஒரு திட்டம் தயாரித்தேன். வாரத்தில் மூன்று நாள் சைட், இரண்டு நாள் வீடு. வீட்டு நாட்களில் சைட்டிலிருந்து போட்டோவும் வீடியோவும் வரும், இன்ஜினியர் பார்த்துவிட்டு ஆப்பில் ‘எஸ்’ போடுவார். இதை இருபத்திரண்டு ஸ்லைடுகளில் விளக்கினேன். வீட்டில் உட்கார்ந்துகொண்டு எப்படிய்யா கட்டடம் கட்டுவது என்று கேட்ட பழைய ஆட்களைப் பார்த்து அன்பாகச் சிரித்தேன். திட்டம் ஏற்கப்பட்டது. புத்தக அலமாரி பின்னால் தெரிகிற மாதிரி மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

அந்த மண்டபத்தைக் கட்டச் சொன்னவர் வளைகுடாவில் இருந்தார். கம்பத்தில் ஒரு கேமராவை மாட்டி அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். வரைபடம் போட்டவர் சென்னையில். கையெழுத்துப் போடுகிறவன் திருக்கோகர்ணத்தில். கறம்பக்குடி வெயிலில் உண்மையாகவே நின்றவர்கள் மேஸ்திரியும் அவருடைய ஆட்களும், எங்கள் சூப்பர்வைசர் ஒருவரும்தான். மேஸ்திரிக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவு. எங்கள் நிறுவனத்துக்குப் பதினெட்டு வருஷமாக வேலை செய்துவந்தார். அவருடைய மனைவியும் அதே குழுவில் சித்தாள்.

அந்த மேஸ்திரியிடம் ஒரு வழக்கம் உண்டு. தளம் போடுகிற அன்று, கீழே முட்டுக் கொடுத்து, அதன்மேல் இரும்புத் தகடு பரப்பி, கம்பி கட்டி முடித்த பிறகும் அவர் கான்கிரீட்டைத் தொட விடமாட்டார். பொறுப்பில் இருக்கிற இன்ஜினியர் ஏறி, மூலைக்கு மூலை நடந்து, அங்கங்கே நின்று மிதித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எலுமிச்சம்பழம் அறுத்து, சூடம் கொளுத்தி, முதல் சட்டி கொட்டுவார்கள். அதே மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்துக்குத் தளம் போட்டபோது நான் இதைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

“ஒரு சதுர மீட்டர் கான்கிரீட் முந்நூறு கிலோவுக்கு மேல மேஸ்திரி. அதைத் தாங்கப் போற முட்டுக்கு நான் எம்மாத்திரம்? நான் நடந்து என்ன தெரியப் போகுது?”

“காங்கிரீட்டு பேசாது சார். ஆளு நடந்தாத் தகடு பேசும்.”

இதை நான் அலுவலகத்தில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

போர்டிகோவுக்குத் தளம் போடுவது ஒரு புதன்கிழமை என்று முடிவாகியிருந்தது. புதன் என் சைட் நாள். ரெடிமிக்ஸ் கான்கிரீட் வண்டி வெள்ளிக்கிழமைதான் கிடைக்கும் என்று கடைசியில் தள்ளிப்போனது. வெள்ளி என் வீட்டு நாள். அன்று பதினோரு மணிக்கு ஒரு வீடியோ மீட்டிங் வேறு. வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் எங்கள் சைட்டுகள் எவ்வளவு சிறப்பாக நடக்கின்றன என்று நான் பத்து நிமிடம் பேச வேண்டும். எம்.டி. வருவார். ஆகவே சாயம்.

காலை ஏழு மணிக்கு மேஸ்திரி கூப்பிட்டார்.

“சார், போர்டிகோ வடக்கு மூலை எனக்கு மனசு ஒப்பலை. போன வாரம் தண்ணிக் குழியை மூடுனோம்ல, அந்த எடம். பலகை போட்டுத்தான் முட்டு நிறுத்தியிருக்கேன். இருந்தாலும் நீங்க ஒரு எட்டு வந்து மிதிச்சுக் குடுத்திட்டீங்கன்னா ஆரம்பிச்சிருவேன்.”

அந்தக் குழியை மூடச் சொன்னதும் நான்தான். அதுவும் ஒரு வீட்டு நாளில், போனில். ஜே.சி.பி. வந்து மண்ணைத் தள்ளிவிட்டுப் போனது. தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்க ஒரு நாள் கேட்டார்கள். வேண்டாம், நாள் இல்லை என்றேன்.

“போட்டோ அனுப்புங்க மேஸ்திரி.”

“போட்டோவுல எப்படி சார் மிதிப்பீங்க?”

“இன்னிக்கு நான் வர முடியாது. முக்கியமான மீட்டிங்.”

“வண்டி ரெண்டு வந்து நிக்கிது. மூணாவது வந்துக்கிட்டிருக்கு. நீங்க வாரேன்னா நிறுத்தி வச்சிருக்கேன். இல்லைன்னா என்ன செய்யிறதுன்னு சொல்லுங்க.”

தலையைக் கழுவிக்கொண்டு கிளம்பியிருந்தால் ஒன்பதுக்குள் போயிருக்கலாம். பதினோரு மணிக்கு சைட்டிலிருந்தே போனில் பேசியிருக்கலாம். ஆனால் சாயம் பிடிக்க இன்னும் அரை மணி நேரம் பாக்கி. பாதியில் கழுவினால் செம்பட்டையாக நிற்கும். சைட்டில் பின்னால் புத்தக அலமாரியும் இருக்காது. இவைதான் காரணங்கள். வேறு ஏதாவது இருக்கிறதா என்று இத்தனை நாளும் தேடிவிட்டேன்.

“ஒண்ணு பண்ணுங்க” என்றேன். “என் சேஃப்டி ஷூ அங்கதான் கன்டெய்னர் ஆபீஸ்ல கெடக்கு. சூப்பர்வைசரைப் போட்டுக்கிட்டு மிதிக்கச் சொல்லுங்க. நான் வீடியோவுல பாத்துக்கிறேன்.”

நகைச்சுவையாகத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

“சரி சார். நீங்க சொன்னாச் சரி.”

சூப்பர்வைசர் என் வயதுக்காரர், வெற்றிலைக் கொடி மாதிரி மெலிந்த மனிதர். எனக்குப் பத்தாம் நம்பர் ஷூ, அவருக்கு ஏழு. உள்ளே பேப்பரைத் திணித்துக்கொண்டு ஏறினார் போலிருக்கிறது. போன் திரையில் என் ஷூ தகட்டின் மேல் டப் டப்பென்று போய்க்கொண்டிருந்தது. வடக்கு மூலையில் நின்று இரண்டு முறை குதிக்கவும் செய்தது. குதிக்கும்போது ஒரு ஷூ கழன்றுகொண்டது. தகடு எதுவும் பேசியதாகத் தெரியவில்லை. பேசியிருந்தாலும் என் போனின் ஸ்பீக்கர் அவ்வளவு நல்லதில்லை.

காபி கொண்டுவந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“யாரு அது நடக்கிறது? ஒங்க ஷூ மாதிரி இருக்கு.”

“என் ஷூதான்.”

“அப்ப நீங்க எங்க இருக்கீங்க?”

ஆப்பைத் திறந்தேன். ‘பொறுப்புப் பொறியாளர் தளத்தின் மேல் நடந்து பரிசோதித்தாரா?’ என்று ஒரு கேள்வி. அந்தக் கேள்வியைப் படிவத்தில் சேர்க்கச் சொன்னதே நான்தான், மேஸ்திரியின் வழக்கத்துக்கு ஒரு மரியாதையாக இருக்கட்டுமே என்று. ‘எஸ்’ போட்டேன். கட்டைவிரலில் இருந்த சாயம் திரையில் ஒட்டிக்கொண்டது. துடைத்தேன், முழுக்கப் போகவில்லை.

பதினோரு மணி மீட்டிங்கில் நன்றாகப் பேசினேன். தலை கருகருவென்று இருந்தது. போனைச் சத்தமில்லாமல் வைத்துக் கவிழ்த்துப் போட்டிருந்தேன். பேசி முடித்து நிமிர்த்தியபோது ஏழு மிஸ்டு கால். எல்லாம் சூப்பர்வைசருடையது.

நடந்ததை அவர்தான் சொன்னார். போர்டிகோவில் பாதிக்கு மேல் கொட்டியாகிவிட்டது. வடக்கு மூலைப் பக்கமே நின்றுகொண்டிருந்த மேஸ்திரிக்குக் கீழே ஏதோ நெரிகிற சத்தம் கேட்டிருக்கிறது. எல்லாரும் இறங்குங்க என்று கத்தியிருக்கிறார். ஆட்கள் எப்படியோ தெற்குப் பக்கமாக ஓடி இறங்கிவிட்டார்கள். மூலை மெதுவாக, உட்காருகிற மாதிரி, அமிழ்ந்திருக்கிறது. அதன் ஓரத்தில் நின்ற மேஸ்திரியின் மனைவி மட்டும் தகட்டோடும் கான்கிரீட்டோடும் சறுக்கிக் கீழே வந்துவிட்டார். வலது கணுக்காலில் எலும்பு முறிவு.

புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர்களைப் பார்த்தேன். அந்த அம்மாளின் சேலையில் சிமெண்ட் காய்ந்து விறைப்பாக நின்றது. மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார். அங்கே கொஞ்ச நேரம் தங்கிவிட்டு மறுபடி முகத்துக்கு வந்தார்.

“வந்திட்டீங்களா சார்.”

உட்கார்ந்தேன். மேஸ்திரியே பேசினார்.

“சார், சாயந்தரம் பெரியவுகள்லாம் பேசுவீங்க. நான் ஒண்ணுதான் கேக்குறேன். அந்த மூலை சரியில்லைன்னு காலையிலேயே நான் சொன்னேன், நீங்க வரலை. இதை மட்டும் சொல்லிருங்க. மத்ததெல்லாம் எம்மேல போட்டாலும் சரி. மேஸ்திரி கவனிக்காம விட்டுட்டான்னு பேரு வந்திச்சுன்னா எனக்கு இனிமே ஒரு சைட்டுல வேலை குடுக்க மாட்டாக. இருவது குடும்பம் இருக்கு எம்பின்னாடி.”

“கண்டிப்பாச் சொல்றேன் மேஸ்திரி.”

“சொல்லிருவீங்கல்ல?”

“சொல்லிருவேன்.”

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அந்த அம்மாள் கண்ணை மூடியபடியே, “அதான் சொல்றேங்கிறாகள்ல, விடுங்க” என்றார். எனக்கு என்னவோ அவர் என்னை விடச் சொன்ன மாதிரி இருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நெருக்கடி மேலாண்மைக் குழு கூடியது. கூடியது என்றால், அவரவர் வீட்டில் அவரவர் உட்கார்ந்தோம். திரையில் பன்னிரண்டு கட்டங்கள். ஒரு கட்டத்தில் பூனை நடந்தது. ஒருவர் காரில் போய்க்கொண்டே பேசினார். அன்று மண்டபத்தின் பக்கத்திலேகூட வராத பன்னிரண்டு பேர் அதன் மூலை ஏன் இறங்கியது என்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். இடிந்த இடத்தில் நின்ற யாரையும் கூப்பிடவில்லை. லிங்க் அனுப்ப வேண்டியவர்களின் பட்டியலில் அவர்கள் இல்லை.

நெருக்கடிகளுக்கென்றே நிறுவனம் வைத்திருந்த ஆலோசகர் ஆரம்பித்தார். இனிமையான குரல்.

“என்ன நடந்ததுங்கிறதை அப்புறம் பாக்கலாம். நாம என்ன சொல்லப் போறோம்ங்கிறதை முதல்ல முடிவு பண்ணிக்குவோம்.”

முடிவு பண்ணிக்கொண்டார்கள். முட்டு நிறுத்தியது மேஸ்திரியின் குழு. ஆகவே முட்டு இறங்கினால் அது மேஸ்திரியின் கவனக்குறைவு. நிறுவனத்தின் சோதனை முறைகள் அத்தனையும் பின்பற்றப்பட்டிருக்கின்றன, ஆப்பில் ஆதாரம் இருக்கிறது. வளைகுடாவிலிருக்கிற உரிமையாளருக்கு இன்று இரவுக்குள் இப்படி ஒரு மெயில்.

எம்.டி. என்னைக் கேட்டார். “நீங்க சொல்லுங்க. தளத்துல நடந்து பாத்தீங்கல்ல?”

நான் சொன்னேன். முழுவதும் சொன்னேன். இல்லை சார், நான் போகவில்லை, மேஸ்திரி காலையிலேயே கூப்பிட்டு அந்த மூலை சரியில்லை என்றார், குழியை இறுக்காமல் மூடச் சொன்னதும் நான்தான், ‘எஸ்’ போட்டதும் நான்தான், தப்பு என்னுடையது. ஷூவைப் பற்றிக்கூடச் சொன்னேன். சாயத்தை மட்டும் விட்டுவிட்டேன். குரல் நடுங்கவில்லை. என் வாழ்க்கையில் எழுதாமல் பேசிய மிக நல்ல பத்து வாக்கியங்கள் அவை.

மற்ற பதினொரு முகங்களும் மாறாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

“சார், நீங்க மியூட்ல இருக்கீங்க” என்றார் ஆலோசகர்.

“தலையாட்டுறதைப் பாத்தா எஸ்னுதான் தெரியுது” என்றார் எம்.டி. “எஸ்தானே?”

மைக்கை அழுத்த மூன்று விநாடி ஆகியிருக்கும். அந்த மூன்று விநாடியில் எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது. மகள் கல்லூரியில் மூன்றாம் வருஷம். வேறு கம்பெனியில் இந்த வயதில் யார் எடுப்பார்கள். இரண்டாம் முறை சொல்லும்போது அதே மாதிரி அமையவும் அமையாது.

“எஸ் சார்” என்றேன்.

“குட்” என்றார்.

லேப்டாப்பை மூடிவிட்டுத் திரும்பினால் வாசற்படியில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கையில் காபி ஆறி ஆடை கட்டியிருந்தது.

“மியூட்ல இருந்ததால அவுகளுக்குக் கேக்கலை” என்றாள். “எனக்குக் கேட்டிச்சு.”

டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டுச் சமாதானம் ஆகியிருப்பேன்.

மேஸ்திரியை நிறுத்துகிற கடிதத்தை என்னிடமே எழுதச் சொன்னார்கள். உங்களுக்குத்தான் தமிழ் நன்றாக வரும், படிக்கிறவர், அவர் மனசு நோகாத மாதிரி எழுதுங்கள் என்றார்கள். எழுதினேன். ‘தங்களது நீண்டகால ஒத்துழைப்பை நன்றியுடன் நினைவுகூர்கிறோம்’ என்று ஆரம்பித்து, ‘நேர்ந்த கவனக்குறைவைக் கருத்தில் கொண்டு’ என்று நடுவில் மென்மையாகத் திரும்பி, ‘தங்களுக்கு நல்வாழ்த்துகள்’ என்று முடித்தேன். ஒரு சொல் மிகையில்லை. ‘கவனக்குறைவு’ என்பதற்குப் பதிலாக ‘கவனப்பிசகு’ என்று போடலாமா என்று கால் மணி நேரம் யோசித்தேன். அந்தக் கால் மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் எழுந்து நடக்கத் தோன்றுகிறது.

பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூலையை உடைத்தெடுத்து, மண்ணை இறுக்கி, வேறு மேஸ்திரி வந்து மறுபடியும் தளம் போட்டார். அவரிடம் மிதிக்கிற வழக்கம் இல்லை. மண்டபத்தில் இப்போது கல்யாணங்கள் நடக்கின்றன. நெருக்கடியைச் சிறப்பாகக் கையாண்டதற்காக எங்கள் குழுவைப் பாராட்டி ஒரு மெயில் வந்தது. இளம் இன்ஜினியர்களுக்கு நெருக்கடி மேலாண்மை பற்றி இணையவழியில் வகுப்பெடுக்கச் சொன்னார்கள். அதையும் எடுத்தேன். கேள்வி நேரத்தில் யாரோ ஒருவர், “நெருக்கடியில் முதலில் செய்ய வேண்டியது என்ன சார்?” என்று கேட்டார். மைக் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பது என்றேன். நிறையப் பேர் சிரிக்கிற பொம்மை அனுப்பினார்கள்.

ஷூவைத் திருப்பி எடுத்துவரவில்லை. புது ஷூ வாங்கிக்கொண்டேன்.

எட்டு மாதம் கழித்து, ஒரு வீட்டு நாளில், மேஸ்திரி இலுப்பூரில் இருப்பதாக சூப்பர்வைசர் சொன்னதைக் கேட்டு பஸ் ஏறினேன். எதற்குப் போகிறேன் என்று சரியாகத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன். மன்னித்துவிட்டார் என்று சொல்லிக்கொள்ளத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

கடைத்தெருவைத் தாண்டி ஒரு சின்ன வீடு, இரண்டு அறை அளவு. முட்டுக் கொடுத்துத் தகடு பரப்பியிருந்தது. இருபது பேர் இல்லை, ஆறு பேர்தான். மேஸ்திரி மேலே கம்பி கட்டிக்கொண்டிருந்தார். மணல் குவியலில் அவருடைய மனைவி வலது காலை நீட்டி உட்கார்ந்து, சல்லடையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கால் சரியாக மடங்கவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

“வாங்க சார்” என்றார் மேஸ்திரி, இறங்காமலே. “இங்கிட்டு எங்க?”

“சும்மா, ஒங்களைப் பாக்கத்தான்.”

ஆட்களை ஒரு தடவை எண்ணிவிட்டு, “மத்த ஆளுகள்லாம்?” என்று நானே கேட்டேன்.

“பாதிப் பேரு திருப்பூரு. ரெண்டு பேரு ஆடு மேய்க்கிறாக. பெரிய கம்பெனியில நம்ம பேரைச் சொன்னா எடுக்க மாட்டேங்கிறாகள்ல சார்.”

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னார்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். அன்று சாயங்காலம் உண்மையைச் சொன்னதையும், மியூட்டில் இருந்ததையும், பிறகு சொன்ன ஒற்றைச் சொல்லையும் சொன்னேன். கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது. அவர் கம்பியை முறுக்கிக்கொண்டே கேட்டார். முடித்ததும் அடுத்த கம்பிக்குப் போனார்.

“கடுதாசி நல்லா இருந்திச்சு சார்” என்றார். “எம்மக படிச்சுக் காட்டுச்சு. படிக்கயிலேயே நீங்க எழுதுனதுன்னு தெரிஞ்சிருச்சு.”

நான் திரும்பிப் போய்விடலாமா என்று நின்றேன். அப்போதுதான் கையிலிருந்த முறுக்குக் கம்பியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“சார், வந்தது வந்தீங்க. செருப்பைக் கழட்டிட்டு ஏணியில ஏறுங்க. நாளைக்குக் காலையில தளம். ஒருதரம் மிதிச்சுக் குடுத்திட்டுப் போங்க.”

ஏறினேன். தகடு காலைச் சுட்டது. கம்பிகளுக்கு நடுவே காலை வைத்து மூலைக்கு மூலை நடந்தேன். மேஸ்திரி தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டே என் பின்னால் வந்தார். கிணற்றடிப் பக்க மூலையில் நான் நின்றபோது அடியில் ‘கிறுக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. எனக்கே கேட்டது.

“அங்கனயே நில்லுங்க” என்று சொல்லிவிட்டு, கீழே எட்டிப் பார்த்து, “இங்கிட்டு ஒரு முட்டு சேத்துப் போடுங்கப்பா” என்றார்.

போட்டார்கள். மறுபடி மிதித்தேன். சத்தம் இல்லை. இறங்கி வந்து செருப்பை மாட்டியபோது என் கண் கலங்கியிருந்தது. இத்தனைக்குப் பிறகும் இந்த மனிதர் ஓர் இன்ஜினியராக என்னை மதித்து மேலே ஏற்றியிருக்கிறார். அதை அப்படியே சொல்லியும்விட்டேன். “இவ்வளவு நடந்தும் எம்படிப்புக்கு ஒரு மரியாதை குடுத்துக் கூப்பிட்டாரேம்மா” என்று, மணல் குவியலில் இருந்த அந்த அம்மாளிடம்.

அவர் சல்லடையைத் தட்டிக் கீழே வைத்தார்.

“படிப்புக்கு யாரு கூப்புட்டா சார்? எங்க ஆளுக அம்புட்டுப் பேரும் நோஞ்சானுக, ஏறுனா எலி ஓடுன மாதிரி இருக்கும். கனத்த ஆளு நீங்க ஒருத்தர்தான். அன்னிக்கும் அதுக்குத்தான் கூப்புட்டாக.”